உடுப்புக் கரத்தை

கொக்கட்டிச்சோலைத் தேரோட்டம் என்றால் ஊரில் எல்லாருக்கும் முதலில் மூக்கில் ஏறுவது கச்சான் வறுபடுகிற மணம். எனக்கு அப்படியில்லை. எனக்குப் புதுத்துணியின் கஞ்சி மணம். அதோடு கொஞ்சம் மெசின் எண்ணெய், கொஞ்சம் மண்ணெண்ணெய், கரத்தை மாட்டின் சாணி. இந்த நாலும் சேர்ந்து வந்தால் ஆவணி வந்துவிட்டது என்று அர்த்தம். மச்சான், நீ கச்சான் சரையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கரத்தையடியில் வந்து நிற்பாய். கொறித்தபடியே, வாங்கப் போகிற ஆள் மாதிரி ஒவ்வொரு சேட்டாகப் புரட்டிப் பார்ப்பாய். ஒருநாளும் ஒன்றும் வாங்கியதில்லை. காக்கா அதற்காக உன்னை ஏசினதும் இல்லை. "நிக்கட்டும் மனே, நாலு பேர் நிண்டாத்தான் அஞ்சாவது ஆள் வரும்" என்பார்.

காக்கா காத்தான்குடியார். அங்கே அவருக்கு நிலைத்த கடை என்று ஒன்றும் கிடையாது. சூடு அடிக்கிற காலத்தில் பொட்டணியைத் தலையில் வைத்துக்கொண்டு படுவான்கரை வட்டைகளுக்குள் இறங்குவார். வாடி வாடியாகப் போய் விரிப்பார். காசு கேட்கமாட்டார். களத்திலேயே மரைக்காலால் அளந்து நெல்லு வாங்கிக்கொண்டு துணி கொடுப்பார். எங்கள் அம்மாவின் பாதிச் சீலைகள் அப்படி நெல்லுக்கு வந்தவைதான். திருவிழாவுக்கு மட்டும் அவருக்குக் கரத்தை. ஆவணியில் பள்ளிக்கூட விடுமுறை வரும். எனக்கு வாயும் ஓயாது, கையும் சும்மா இருக்காது என்று கண்டுவிட்டு, "இவனை எனக்குத் தாங்க தங்கச்சி, தேர் முடியக் கொண்டுவந்து விடுறன்" என்று அம்மாவிடம் கேட்டார். அப்படித்தான் நான் உடுப்பு விற்கிற பொடியன் ஆனேன். எழுபதுகளின் கடைசியில் தொடங்கின வேலை, மீசை முளைத்த பிறகும் விடவில்லை.

நான் துறையடியில் போய்க் காத்திருந்து அவர்களோடு சேர்ந்துகொள்வேன். கரத்தை காத்தான்குடியிலிருந்து புறப்பட்டு, ஆரையம்பதியில் தையல்காரர் மெசின் மாமாவை ஏற்றிக்கொண்டு மண்முனைத் துறைக்கு வரும். அப்போது பாலமேது? பாதைதான், வாவியைக் கடக்கிற மிதவை. மாட்டை அவிழ்த்துத் தனியே ஏற்றவேண்டும். பலகையில் கால் வைக்க அது மறுகும். பிறகு நாங்கள் எல்லாருமாகக் கரத்தையைத் தள்ளி ஏற்றுவோம். வாவியில் கண்ணாப்பற்றைகளின் சேற்று மணம், கொஞ்சம் உவர், கொஞ்சம் மீன். மாமா தன் கைமெசினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தபடி, கரை வரும்வரை யாரோடும் கதைக்கமாட்டார். காக்கா நேர்மாறு. பாதையில் யாராவது ஒரு பெத்தா, "என்ன காக்கா கொண்டு போறீங்க, காட்டுங்க பாப்பம்" என்றால் போதும், வாவி நடுவிலேயே பொட்டணி அவிழ்ந்துவிடும். கரை சேருமுன்பே ஒரு சீத்தைத் துண்டு விலைபோயிருக்கும். அன்றைக்கு முழுக்க அவருக்குச் சிரித்த முகம்.

கோயில் வீதிக்கு வந்ததும் கரத்தையே கடையாகிவிடும். ஏர்க்காலுக்குக் கீழே முண்டுக்கட்டை கொடுத்துத் தட்டை மட்டமாக்குவோம். நாலு மூலையிலும் கம்பு, கம்புக்குக் கம்பு கயிறு. கயிற்றில் சின்னப்பிள்ளைச் சட்டைகளும் சேட்டுகளும். தட்டில் பாய் விரித்து, மருதமுனைச் சாறன்கள் ஒருபக்கம், வாயில் சீலைகள் ஒருபக்கம், பொப்லினும் சீத்தையும் கட்டுக்கட்டாக நடுவில். கரத்தைக்குப் பின்னால் ஒரு பழஞ்சாக்கின் மேல் மாமாவும் மெசினும். பொழுதுபட்டால் பெற்றோல்மக்ஸ். அதற்குக் காற்றடிப்பது என் வேலை. மாந்தலில் விரல் பட்டால் பொடிந்துபோகும், அதனால் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் பிடிப்பேன்.

இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது, அந்தக் கரத்தையில் நாங்கள் முழு உடுப்பாக விற்றது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அந்த இடத்திலேயே ஆளுக்கேற்றபடி ஆக்கிக் கொடுத்ததுதான். சாறன் வாங்குகிறவருக்கு அது தட்டைத் துணியாகத்தான் வரும். அவர் தன் உயரத்துக்கு நிற்க, நான் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பிடித்துப் பார்த்துக் குறிபோட்டுக் கொடுப்பேன், மாமா இரண்டு தலைப்பையும் சேர்த்து மூட்டுவார். மூட்டித் தருகிற நேரத்துக்குள் அந்த மனுசன் தன் வெள்ளாமை, மாடு, மருமகன் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார். சின்னப்பிள்ளைக்குச் சட்டை என்றால், தாய் துணியைத் தெரிந்து தந்துவிட்டுப் பூசைக்குப் போவாள். தீபம் காட்டி முடிந்து திருநீறோடு திரும்பும்போது சட்டை தயார். பொத்தான் மட்டும் அவள் முன்னாலேயே நான் தைப்பேன்.

கொமருப்பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பதுதான் கஷ்டம். நாடாவோடு கிட்டப் போகமுடியாது, போகவும் கூடாது. சிலர் அளவுச்சட்டை கொண்டுவருவார்கள். இல்லாதவர்களுக்குத் தாய்மார் ஒரு வெள்ளை நூல் கொண்டுவருவார்கள், நீ பார்த்திருப்பாய். அதில் முடிச்சுகள். முதல் முடிச்சு தோள், அடுத்தது கை, அதற்கடுத்த இரட்டை முடிச்சு நெஞ்சுச் சுற்று. யாருடைய நூல் என்று தாய் வாயால் சொல்லமாட்டாள். "நம்மட மூத்தவக்கு" என்பதோடு சரி. நான் நூலை நாடாவில் வைத்து இஞ்சிக் கணக்கைச் சொல்ல, மாமா கொப்பியில் எழுதுவார். அந்த நூலைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். கரத்தையில் கிடக்கவிடக்கூடாது என்பது மாமாவின் சட்டம். ஏன் என்று கேட்டதற்கு, "புள்ளைட அளவு சந்தியில கிடக்கலாமாடா?" என்றார்.

அந்தக் கொப்பி நீலமட்டைச் சீ.ஆர். கொப்பி. அதில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. 'முதலைக்குடா தயிர்க்காரப் பெத்தாட பேரன்', 'முனைக்காடு, இடதுதோள் இறக்கம்', 'அரசடித்தீவுப் போடியார், வயிறு கூடுது' இப்படித்தான். போடியாரின் வயிறு ஆண்டுக்காண்டு ஒரு இஞ்சி வீதம் ஏறிக்கொண்டே போனது அதில் வரிசையாக இருந்தது. பண்டாரியாவெளி, கடுக்காமுனை, அம்பிலாந்துறை என்று ஊருக்கு ஒரு பக்கம். சனத்தொகைக் கணக்கெடுக்க வருகிறவர்கள்கூட அவ்வளவு விபரமாக எழுதியிருக்கமாட்டார்கள்.

விற்பனை எனக்குச் சொல்லித்தந்தது காக்கா. ஆள் வந்தவுடன் "என்ன வேணும்?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் "சும்மா பாக்க வந்த" என்று போய்விடுவார்கள். துணியை மடியில் போட்டுவிடவேண்டும். கை தொட்டால் மனசு தொட்ட மாதிரி என்பார். பொடியன்களுக்கு விற்கும்போது கூட்டாளிமாரைப் பார்த்துக் கதை, பெண்களுக்கு விற்கும்போது மாமியாரைப் பார்த்துக் கதை. பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் ஊதாவும் நீலமும் ஒன்றாகத் தெரியும், அதனால் இரவில் ஊதாச் சீலை எடுக்கிறவரை, "விடியப் பாத்திட்டு எடுங்க" என்று சொல்லி அனுப்பு. அந்தக் கடைசிப் பாடம் எனக்கு அப்போது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் விடியக் கிறுகி வருகிற பெண் தனியாக வரமாட்டாள், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருவாள்.

படுவான்கரைப் பெண்கள் லேசுப்பட்டவர்களா? துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவி எடுத்து, எச்சில் தொட்டு விரலில் தேய்த்துச் சாயம் போகுதா என்று பார்ப்பார்கள். பிறகு அதே நூலைப் பக்கத்துக் கச்சான்காரியின் அடுப்பில் பிடிப்பார்கள். காகிதம் எரிகிற மணத்தோடு சாம்பலானால் பருத்தி. உருகி மணியாகச் சுருண்டால் நைலோன். "காக்கா, இது உருகுதுகா" என்று சொல்லி நாலு பெண்கள் சேர்ந்து சிரித்தால் அந்தக் கட்டு அன்றைக்கு விலைப்படாது. 77க்குப் பிறகு இறக்குமதிச் சாமான் வந்து குவிந்தபோது உருகுகிற துணிதான் கூட. காக்காவுக்கு அதில் மனமில்லை. என்ன செய்வது, பொடியன்கள் அதைத்தான் கேட்டார்கள். பெல்பொட்டம் கழுசானுக்கு அளவு கொடுக்க வருகிறவன் இடுப்பைப் பற்றிக் கவலைப்படமாட்டான், கால்வாய் எத்தனை இஞ்சி என்பதில்தான் சண்டை. "ஒரு காலுக்குப் போற துணியில உன்ட தம்பிக்கும் தைக்கலாம்டா" என்று மாமா முணுமுணுப்பார். தைத்தும் கொடுப்பார்.

தேரோட்டத்தன்று வியாபாரம் விடியப்புறமே தொடங்கிவிடும். முதல்நாளே கரத்தைகளில் வந்து மரங்களுக்குக் கீழே சமைத்துப் படுத்த குடும்பங்கள் எழும்பிக் குளித்துவிட்டு வரும். நேர்கடன்காரருக்கு மஞ்சள் துணி, காவடிக்காரருக்குச் சிவப்புப் பட்டி, அங்கப்பிரதட்டணம் செய்கிறவருக்கு நாலு முழம். கோயிலுக்கென்று கேட்கிற துணிக்குக் காக்கா பேரம் பேசமாட்டார். கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். ஒரு பெத்தா ஒருமுறை அவரிடமே கோயில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தா. தேனெடுக்கப் போன வேடன் கொக்கட்டி மரத்தில் கோடரி போட, இரத்தம் பீறிட்டுப் பாய்ந்ததாம். அவன் பதறிப்போய்த் தன் அரைத்துணியை அவிழ்த்துச் சுற்றிக் கட்டினானாம். காக்கா கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப இஞ்ச முதல் வியாபாரம் துணிதான்" என்றார். பெத்தா பொல்லைத் தூக்கினா. இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

வடம் இழுபடத் தொடங்கினால் கரத்தைக்கு ஆள் வராது. எல்லாரும் வடத்தில். ஆட்கள் இழுக்கிற தேர், அது அசைகிறபோது எழும்புகிற சத்தம் நெஞ்சுக்குள் விழும். அந்த நேரம் எங்களுக்குக் காது முழுக்க ஒலிபெருக்கியில்தான் இருக்கும். தேர் நகர்கிறபோதுதான் பிள்ளைகள் தொலையும். "சிவப்புப் பூப்போட்ட சட்டை போட்ட நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று..." என்று குரல் வரும். மாமா மெசினை நிறுத்திவிட்டுக் கொப்பியைப் புரட்டுவார். "சிவப்புப் பூச் சீத்தை, நேத்து ரெண்டு வெட்டின. ஒண்டு மகிழடித்தீவு, மற்றது அம்பிலாந்துறை. அழுகிற புள்ளைட சட்டையில கழுத்துக்கு வெள்ளை நாடா கிடக்கோ எண்டு பார்த்துவா. கிடந்தா மகிழடித்தீவு." நான் ஓடுவேன். வெள்ளை நாடா இருக்கும். தாயை எங்கே தேடுவது என்பதும் எங்களுக்குத் தெரியும். அப்படி ஒப்படைத்த பிள்ளைகளின் தாய்மார் மறுவருசம் வந்து துணி வாங்காமல் போகமாட்டார்கள். காக்கா என் காதில், "பாத்தியா வியாபாரத்தை" என்பார். ஆனால் அவர் கண்ணில் நின்றது வியாபாரக் கணக்கு மட்டுமில்லை.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி நம்மட கூரைகளையும் தென்னைகளையும் கொண்டுபோனது உனக்குத் தெரியும். அடுத்த ஆவணியில் வந்த சனத்துக்கு உடம்பில் கிடந்தது நிவாரண உடுப்பு. ஆளுக்குப் பொருந்தாத பெரிய சேட்டு, யாரோ வெள்ளைக்காரனின் கோட்டு. அந்த வருசம் புதுத்துணி வெட்டினது கொஞ்சம். மாமா நாள் முழுக்கக் கோட்டுகளைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கழுசான் தைத்தார். கூலி கேட்டவர் இல்லை, கொடுத்தவரும் இல்லை. காக்கா கடன் கொடுத்தார். "வெட்டு முடியத் தாங்க." கொப்பியின் பின்பக்கம் கடன் பக்கமாயிற்று.

86 தேருக்குப் பொடியன்கள் ஒரு கூட்டம் வந்தது. மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலை, கையில் சொந்தச் சம்பளம், எல்லாருக்கும் ஒரே துணியில் சேட்டு வேண்டும். வானநீலப் பொப்லின், இரண்டு பொக்கற், ஒன்றுக்கு மூடி. "பண்ணைப் பொடியன்கள் எண்டு தூரத்தில தெரியோணும் மாமா." ஒருத்தன் பின்கழுத்தில் தன் பெயரின் முதல் எழுத்தை நூலால் தைக்கச் சொன்னான். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். மாமா விளக்கடியில் குனிந்திருந்து எழுத்து எழுத்தாகத் தைத்தார். 1987 ஜனவரி 28 அந்தப் பண்ணையில் நடந்த கொலைகளை உனக்கு நான் எழுதவேண்டியதில்லை. அடுத்த ஆவணியில் மாமா கொப்பி கொண்டுவந்தார். அந்தப் பக்கத்துக்கும் அதற்கு முந்தின பக்கத்துக்கும் நடுவில் ஒரு குண்டூசி குத்தி மூடியிருந்தது. மகிழடித்தீவிலிருந்து யார் வந்தாலும் புதிதாக நாடா வைத்து அளந்தார்.

காக்கா கடைசியாக வந்தது 89இல். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்களைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு யார் யாரைப் பாதைக்குக் கூப்பிடுவது? துறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சோதனை, பயம், ஆளையாள் பார்க்காத பார்வை. 1991 ஜூன் 12 மண்முனைத்துறையில் குண்டு வெடித்தது. அன்றைக்கே மகிழடித்தீவில் சனத்தைக் கொன்றார்கள், எரித்தார்கள். அறுபத்தேழு பேர் என்று ஜனாதிபதி ஆணைக்குழு எழுதியது. எரிந்தவர்களை ஊர்ச்சனம் எதை வைத்து அடையாளம் பார்த்திருக்கும்? கழுத்து நாடா, பொத்தான், சாறன் மூட்டின தையல். நான் அதற்கு மேல் யோசிக்கமாட்டேன்.

மாமா செத்தபோது கொப்பி என்னவாயிற்று என்று அவர் மகளிடம் கேட்டேன். 2007இல் இடம்பெயர்ந்து வந்த சொந்தக்காரர் வீட்டில் நிறைந்திருந்த நேரம், அடுப்பு மூட்டப் பழைய தாள் எல்லாம் போயிற்று என்றா. மெசின் கிடக்கிறது. மேலே தொலைக்காட்சிப்பெட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்போது மண்முனைக்குப் பாலம். 2014 சித்திரையில் ஜப்பான் உதவியில் கட்டித் திறந்தது. மோட்டார் சைக்கிளில் ஒரு பாட்டுப் பாடி முடிக்குமுன் வாவியைக் கடந்துவிடலாம். குறை சொல்லவில்லை, பிள்ளைப்பெறுகாரியைப் பாதைக்குக் காக்கவைத்த இரவுகளைப் பார்த்தவன் நான். ஆனால் பாலத்தில் யாரும் யாரிடமும் "என்ன கொண்டு போறீங்க?" என்று கேட்பதில்லை. காத்தான்குடி வியாபாரிகளும் லொறியில் வருகிறார்கள், ஆவணியில் கூடாரம் போடுகிறார்கள், நல்ல வியாபாரம். படுவான்கரைப் பெட்டைகள் விடியமுன் பஸ் ஏறிக் காமன்ஸுக்குப் போய், முகம் தெரியாத வெள்ளைக்காரருக்கு உடுப்புத் தைத்துவிட்டு, திருவிழாவில் தங்களுக்குத் தைத்த உடுப்பு வாங்குகிறார்கள். சாறன் மூட்டியே வருகிறது, எல்லாருக்கும் ஒரே உயரம்.

போன தேருக்கு ஒரு பொடியன் தள்ளுவண்டியில் சூட்டு மெசின் ஒன்றை வைத்துக்கொண்டு நின்றான். ஜெனரேற்றர் ஒன்று பக்கத்தில் இரைகிறது. வெறும் ரீசேட்டை விரித்து, தாளை மேலே வைத்து, மெசினை மூடி அமத்துகிறான். கொஞ்ச நேரத்தில் ஆவியடிக்க எடுத்தால் பெயர் ஒட்டியிருக்கிறது. கழக விளையாட்டுக்காரருக்கு நம்பர், காதலர்களுக்கு இதயம், கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பெரியவர் முதல் கைக்குழந்தைவரை ஒரே மஞ்சளில் கோயில் கோபுரம். ரப்பர் கருகின மாதிரி ஒரு மணம், எனக்குப் பிடிக்கவில்லை. பொடியனைப் பிடித்தது. ஓயாத வாய். நான் வண்டியடியில் நெடுநேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், பேர் சொல்லுங்க, அடிச்சுத் தாறன்" என்றான். வேண்டாம் தம்பி, சும்மா பார்க்கிறன் என்றேன். விடவில்லை, ஒரு சேட்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டான். யார் சொல்லிக்கொடுத்ததோ.

இரண்டு பேருமாகக் கொஞ்சம் கதைத்தோம். நூலில் முடிச்சுப் போட்டு அளவு எடுத்ததைச் சொன்னேன். "அப்ப எக்ஸெல், லார்ஜ் ஒண்டும் இல்லையா அங்கிள்?" என்று கேட்டான். இல்லை, அரசடித்தீவுப் போடியார் என்று ஒரு அளவு இருந்தது என்றேன். விளங்கினதோ தெரியாது, சிரித்தான். அதற்குள் தேரடியில் அரோகரா எழும்பியது. அவனுக்குக் கால் நிற்கவில்லை. "ஒரு அஞ்சு நிமிசம் பாத்துக்கொள்ளுங்க அங்கிள், வடத்தில ஒருக்காக் கை வைச்சிட்டு ஓடியாறன். சின்னவங்கட எல்லாம் ஆயிரத்தி இருநூறு. மெசினத் தொட்டிராதீங்க, சுடும்." ஓடிவிட்டான்.

வண்டியடிக்கு ஒரு தாய் வந்தா, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கையில் பிடித்த பொடியனுக்குச் சேட்டு வேண்டும். ஸ்மோலா மீடியமா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பிடித்துப் பார்க்கிறா. நான் பொடியனின் தோளைப் பார்த்தேன். இடதுதோள் கொஞ்சம் இறக்கம்.

"நீங்க முனைக்காடா புள்ள?"

"ஓம், எப்படித் தெரியும்?"

"பெரிசா எடுங்க. மாரி முடியத் தோள் விரியும்."

"எவ்வளவு?"

"தம்பி ஆயிரத்தி இருநூறு எண்டவன்."

"அவன் செல்லுவான். நீங்க பெரியாள், ஆயிரத்துக்குத் தாங்க" என்றா. எனக்கு வாய் திறக்க இடம் தராமல், சேட்டைப் பொடியனின் கையில் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து காசை எடுத்து எண்ணத் தொடங்கினா.